குசினி வாசலில் நின்ற மர்ஜானா



மௌலவி ஒருவர் சினிமாவைப் பற்றி எழுத வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பதில் நியாயமும் உண்டு. பிள்ளைகளின் இரவுகளைப் படங்கள் தின்று தீர்க்கின்றன என்று ஜும்ஆ மேடையில் நானே பலமுறை பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. இருந்தாலும், சென்ற ஏப்ரல் விடுமுறையில் மாத்தளையில் எங்கள் உம்மாவின் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் இடம் தரவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

உம்மாவுக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இரண்டு கண்களிலும் புரை விழுந்து, சில வருடங்களாக எங்கள் முகங்களைக் குரலை வைத்துத்தான் அறிந்துகொண்டிருந்தார். ஒபரேஷன் முடிந்து, கட்டை அவிழ்த்த மறுநாள் ஜன்னல் சீலையைப் பார்த்து, "இது பச்சையா? நான் இவ்வளவு நாளும் சாம்பல் எண்டு நெனச்சேன்" என்றார். நாங்கள் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். நான்கு நாள் கழித்து என்னைத் தனியே கூப்பிட்டு, "மகன், ஏசாதீங்க. எனக்கு அந்த அலிபாபா படத்தை ஒருக்காப் பாக்கணும். பெருசாப் பாக்கணும்" என்றார்.

"பெருசா" என்று அவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உம்மா சிறுமியாக இருந்தபோது அவருடைய வாப்பா, அதாவது எங்கள் அப்பா, மாத்தளை நகரத்துத் தியேட்டர் ஒன்றுக்கு அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிய படம் அது. வயதுக்கு வந்தபின் எங்கள் ஊர்ப் பெண்கள் தியேட்டர் வாசலை மிதிப்பதில்லை. ஆகவே உம்மா தம் வாழ்நாளில் பெரிய திரையில் பார்த்த படம் அது ஒன்றுதான்.

'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ஆம் ஆண்டு பொங்கலுக்கு வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. அதன் அதிபர் டி. ஆர். சுந்தரமே இயக்கினார். தமிழில் முழுநீளமாக வண்ணத்தில் வந்த முதல் படம் அதுதான். கேவா கலர் என்று விளம்பரம் செய்தார்கள். அதுவரை கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் பார்த்துப் பழகிய சனங்களுக்குப் பட்டும் பொன்னும் கண்ணெதிரே மின்னின. எம்.ஜி.ஆர். அலிபாபா, பி. பானுமதி மார்ஜியானா, பி. எஸ். வீரப்பா திருடர் தலைவன். பேராசைக்கார காசிமாக வந்த எம். ஜி. சக்கரபாணி, எம்.ஜி.ஆரின் உடன்பிறந்த அண்ணன். எம்.ஜி.ஆர். 1917இல் பிறந்தது நம்முடைய நாவலப்பிட்டியில் என்பதால் மலையகத்தில் அவரை வேற்றூர்க்காரராக யாரும் எண்ணியதில்லை.

நான் அதைப் பார்த்தது 1987இல், ஒன்பது வயதில். திருகோணமலை வீதியில் ஒரு கடையில் டெக்கும் டீவியும் ஒரு இரவுக்கு வாடகைக்குக் கொடுப்பார்கள். பெருநாள் முடிந்த வாரம், வாப்பா மனம் இளகி எடுத்து வந்தார். பதினான்கு அங்குல டீவி. எத்தனையோ வீடு சுற்றித் தேய்ந்த கசட். எம்.ஜி.ஆரின் சட்டைச் சிவப்பு சட்டையைவிட்டு வெளியே வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தக் குகைக் கதவு திறந்தபோது எங்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. மாதக்கணக்கில், கோழிக்கூட்டின் முன்னால் நின்றுகூட "திறந்திடு சீசே" என்று கத்திக்கொண்டிருந்தோம்.

அந்த இரவில் வீட்டில் இன்னொருவரும் இருந்தார். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு வந்த பெண்பிள்ளை. அப்போது வயது பதின்மூன்று. அவருடைய பெயரை இங்கே எழுதுவது முறையல்ல. என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆனாலும் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம், வாடி போடி என்றுகூட. யாரும் எங்களைத் திருத்தவில்லை. மாதச் சம்பளம் நூற்றைம்பது ரூபாய். அதை அவருடைய அப்பா மாதம் ஒருமுறை வந்து வாங்கிப்போவார். அந்த இரவு அவர் குசினி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே படம் பார்த்தார். உட்கார் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நின்றதில் எனக்குக் குறையும் தெரியவில்லை. அவர் நிற்பதும் நாங்கள் இருப்பதும் சுவரும் கூரையும்போல அந்த வீட்டில் இருந்தன.

இனி ஏப்ரல் விடுமுறைக்கு வருவோம். தம்புள்ளையில் இருக்கும் ராத்தாவின் மகன் கல்யாண வீடுகளுக்கு ஒலி, ஒளி ஏற்பாடு செய்கிறவன். பெரிய படக்கருவி ஒன்று அவனிடம் இருக்கிறது. "மாமா, இந்தியாவில் பழைய படங்களைத் துடைத்துத் தியேட்டரிலேயே திரும்பப் போடுகிறார்கள். 2012இல் கர்ணன் வந்தது, 2014இல் ஆயிரத்தில் ஒருவன் வந்தது. உம்மும்மாவுக்கு நாம் வீட்டிலேயே தியேட்டர் போடுவோம்" என்றான். நான் யோசித்தேன். பிள்ளைகள் மத்தியில் என் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்றும் யோசித்தேன். கடைசியில், பெற்ற தாய் கண் கிடைத்ததும் கேட்ட முதல் காரியம் என்பதற்காக ஒத்துக்கொண்டேன். ஆடல் காட்சிகள் வந்தால் நான் எழுந்துபோய்விடுவேன் என்று சொல்லிவைத்தேன்.

அப்போதுதான் உம்மா அந்தப் பெயரைச் சொன்னார். "அவளையும் கூப்பிடுங்க மகன். அவள் முடிவைப் பாக்கல்ல."

எனக்குப் புரியவில்லை. உம்மா விளக்கினார். அன்றிரவு படம் முடியப்போகும் நேரம். வியாபாரி வேடத்தில் திருடர் தலைவன் விருந்தாளியாக வருகிற கட்டம். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கும் விருந்தாளிகள், சாச்சா குடும்பம், வந்துவிட்டார்கள். தேத்தண்ணி ஊற்று என்று உம்மா அவரைக் குசினிக்கு அனுப்பினார். பத்துப் பேருக்கு ஊற்றிக் கொண்டுவந்தபோது படம் முடிந்து நாங்கள் கசட்டைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தோம். "கோப்பையைத் தந்துட்டு, 'என்னம்மா ஆச்சு, அந்தப் பொண்ணு தப்பிச்சிதா'ண்டு கேட்டாள். 'நாளைக்குச் சொல்றேன், போய்க் கழுவு'ண்டு சொன்னேன். சொல்லவே இல்ல" என்றார் உம்மா.

சகோதரிகளே, முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு, கண் தெரிந்ததும், இது என் தாயாரின் நினைவுக்கு வந்திருக்கிறது. நான் அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். குசினிக்குப் போனவரை ஒருதரமும் நினைத்ததில்லை.

இங்கே கொஞ்சம் கிதாபுப் பக்கம் போய் வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அரபுக் கல்லூரியில் சேர்ந்து, அரபு ஓரளவு வசப்பட்ட காலத்தில், உஸ்தாத்மாருக்குத் தெரியாமல் 'அல்ஃப் லைலா வ லைலா'வைத் தேடி எடுத்தேன். ஆயிரத்தொரு இரவுகள் என்று நாம் சொல்கிற கதைத் தொகுப்பு. 1835இல் எகிப்தின் பூலாக் அச்சகம் வெளியிட்ட இரண்டு பாகப் பதிப்பின் மறு அச்சு. ஆவலோடு பக்கம் பக்கமாகத் தேடினேன். அலிபாபா அதில் இல்லை! அலாவுத்தீனும் இல்லை. என் அரபில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

உண்மை பின்னர்தான் தெரிந்தது. இந்தக் கதைகளை முதலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர் அந்துவான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர். 1704 முதல் 1717 வரை பன்னிரண்டு பாகங்களாக அவை அச்சாயின. கையிலிருந்த அரபுக் கையெழுத்துப் பிரதி தீர்ந்துபோன நிலையில், 1709இல் பாரிஸில் ஹன்னா தியாப் என்ற இளைஞரைச் சந்தித்தார். ஹலப் நகரத்து மாரோனியக் கிறிஸ்தவர். அவர் வாயால் சொன்ன கதைகளில்தான் அலாவுத்தீனும் அலிபாபாவும் இருந்தன. கலானுடைய நாட்குறிப்பில் அந்த இளைஞரின் பெயர் இருக்கிறது. அச்சான புத்தகத்தில் இல்லை. தியாப் முதுமையில் எழுதிய பயண நூலின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்து, நம் காலத்தில்தான் அச்சேறியிருக்கிறது. கதை சொன்னவனே குசினி வாசலில் நின்றவன்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்த மூலக் கதையை ஆற அமர வாசித்தால் இன்னொன்றும் தெரியும். அதில் அலிபாபா பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மரத்தில் ஒளிந்திருந்து திருடர்கள் சொன்ன சொல்லைக் கேட்கிறான். பொன்னை மூட்டை கட்டுகிறான். அவ்வளவுதான். குகைக்குள் வெட்டுண்டு கிடந்த காசிமின் உடலை அலிபாபா கொண்டுவந்ததும், ஊருக்குச் சந்தேகம் வராமல் மருந்துக் கடைக்கு நடந்தும், செருப்புத் தைப்பவரைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து உடலைத் தைக்கச் செய்தும் மானத்தைக் காத்தவள் வீட்டு அடிமைப் பெண். கதவில் திருடன் போட்ட அடையாளத்தைக் கண்டு, அக்கம்பக்கத்துக் கதவுகளிலெல்லாம் அதே அடையாளத்தைப் போட்டவளும் அவள்தான். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்து, இரவில் முற்றத்து ஜாடியைத் திறக்கப் போன இடத்தில், உள்ளே ஆள் இருப்பதைக் கண்டுபிடித்தவளும் அவளே. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற வேலை அவளுடையது என்பதால்தான் அந்த வீடு பிழைத்தது! வீட்டுக்காரர்கள் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எம்.ஜி.ஆர். படத்தில் வாளைச் சுழற்றவும் வெல்லவும் கதாநாயகன் வேண்டியிருந்தது. மூலக்கதைக்கு அவன் தேவையே இல்லை.

அவள் பெயர் மர்ஜானா. மர்ஜான் என்றால் பவளம். நீங்கள் ஓதுகிற சூரா அர்ரஹ்மானில் முத்தோடு சேர்ந்து வருகிற அதே சொல். கதையின் முடிவில் அலிபாபா அவளை விடுதலை செய்து தன் மகனுக்கு மணமுடிக்கிறான். அடிமைப் பெண்ணுக்கு நற்கல்வியும் நல்லொழுக்கமும் புகட்டி, விடுதலை செய்து, தானே மணந்துகொள்பவருக்கு இரட்டைக் கூலி உண்டென்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. கதையைச் சொன்னவர் கிறிஸ்தவர். ஆனாலும் அந்த ஊர்க் காற்றில் கலந்திருந்த ஒழுங்கு அது.

சரி, படத்துக்கு வருவோம். உக்குவளையில் அந்த அக்கா இருக்கும் இடத்தை விசாரித்து நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். "யாருங்க?" என்றார். "மாத்தளை வீட்டு மகன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா நல்லா இருக்காங்களா தம்பி?" என்று கேட்டார். வாழ்நாளில் முதல்முறையாக அவரை அக்கா என்று அழைத்தேன். நாக்கு கொஞ்சம் தடுக்கத்தான் செய்தது.

மஃரிபுக்குப் பிறகு முன்ஹோல் சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பை இழுத்துக் கட்டினார்கள். ராத்தா குடும்பம் தம்புள்ளையிலிருந்து வரும் வழியில் பலாபத்வலயில் தலகுளி வாங்கி வந்திருந்தது. எள்ளை இனிப்போடு இடித்துக் காகிதத்தில் சுருட்டி விற்கும் நம் பக்கத்துப் பலகாரம். கண்டி வீதியில் போய்வரும் யாருக்கும் தெரியும். அதைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துக்கொண்டே, "இதுதான் அந்த மந்திரச் சொல்" என்று சொன்னேன். நம்பவில்லை. அரபியில் அந்த வாசகம் "இஃப்தஹ் யா ஸிம்ஸிம்". ஸிம்ஸிம் என்றால் எள். எள்ளே திற! நம் சினிமாவின் சீசே, அந்த எள்ளின் ஐரோப்பியப் பெயர் தேய்ந்து வந்ததாகத்தான் தெரிகிறது. கலானின் கதையில் காசிம் குகைக்குள் மாட்டிக்கொண்டு, எள்ளை மறந்து வேறு தானியங்களின் பெயரைச் சொல்லிப் பார்ப்பது இதனால்தான்.

அக்கா வந்தார். நரைத்திருந்தார். உம்மாவின் காலைத் தொடப்போக, உம்மா கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கை அணைத்ததும் பார்க்கிறேன், அவர் குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! யாரும் நிற்கச் சொல்லவில்லை. கால்கள் தாமாகப் போன இடம் அது. உம்மா பக்கத்து நாற்காலியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். வந்து, முதலில் பாயில்தான் உட்கார்ந்தார். பிறகு என் மகள் கையைப் பிடித்து நாற்காலியில் ஏற்றிவிட்டாள்.

படம் எட்டடி அகலத்தில் ஓடியது. ஒன்பது வயதில் நான் மூச்சடைத்துப் பார்த்த குகை இப்போது மரமும் சாயமுமாகத் தெரிந்தது. அதற்காக வருந்தினேன் என்று சொல்லமாட்டேன். ஆட்டப் பாட்டுகள் வந்தபோது சொன்னபடி விறாந்தைக்குப் போனேன். பானுமதி அம்மையாரின் குரலுக்கு விறாந்தை தூரமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வரும்போதெல்லாம் நான் திரையைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பெண்களின் முகத்தில் நிறம் மாறி மாறி விழுவதைத்தான் பார்த்தேன். விருந்தாளி வந்த கட்டத்தில் உம்மா அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். யாரும் கதவைத் தட்டவில்லை. படம் முடிந்தது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். அக்கா சிரித்துக்கொண்டு, "குவைத்துல நான் வேலை செஞ்ச வீட்டுப் பிள்ளைங்க, கதவை இழுத்து மூடிக்கிட்டு இஃப்தஹ் யா ஸிம்ஸிம்னு கத்துங்க. நான் வெளியே நின்னு தொறக்கணும். அப்பல்லாம் இந்த வீட்டை நெனச்சுக்குவேன்" என்றார். 1979இல் குவைத்தில் தயாராகி, அரபுப் பிள்ளைகள் விரும்பிப் பார்த்த டீவி நிகழ்ச்சி ஒன்றின் பெயரும் அதுதான். பத்து வருடம் அங்கே இருந்திருக்கிறார். நான் ஏழு வருடம் ஓதிக் கற்ற மொழியை அவர் பாத்திரம் கழுவிக் கற்றிருக்கிறார். என்னைவிட வேகமாகவே பேசுகிறார்.

உம்மா பேச்சை மாற்றினார். "உங்கப்பா கடைசியில வரல்லத்தானே?"

1989. மாத்தளையில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காலத்தைச் சொல்லத் தேவையில்லை. பஸ் ஓடாத நாட்கள், கடை திறக்காத நாட்கள். அக்காவின் அப்பா மூன்று மாதம் வரவில்லை. ஒருநாள் காலையில் அண்ணன் வந்து அவசரமாகக் கூட்டிப்போய்விட்டார்.

"அந்த மூணு மாசச் சம்பளம் நான் யார்ட கையில குடுத்தேன்? குடுத்தேனா?"

அக்கா தரையைப் பார்த்தார். "குடுக்கலீங்கம்மா" என்றார்.

நானூற்றைம்பது ரூபாய். உம்மா என்னைப் பார்த்தார். மகனாக அல்ல, மௌலவியாக. நான் கணக்குச் சொல்லத் தொடங்கினேன். கடன் எண்ணிக்கைப்படி இவ்வளவுதான் என்றும், ஆனால் பணத்தின் பெறுமதி இறங்கியிருப்பதால் மனமுவந்து கூட்டிக் கொடுப்பது சிறப்பு என்றும், வாங்கியதைவிடச் சிறப்பாகத் திருப்பித் தருபவரே சிறந்தவர் என்று நபிமொழி இருக்கிறதென்றும் சொல்லிக்கொண்டே போனேன். உம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீங்கதானே மகன் போன ரமழான்ல பயான்ல சொன்னீங்க, கொகைக்குள்ள மூணு பேர் மாட்டின கதை."

சகோதரிகளே, உங்களுக்கும் தெரிந்த ஹதீஸ்தான். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மழைக்கு ஒதுங்கிய மூன்று பேரைக் குகைக்குள் வைத்துப் பாறை ஒன்று மூடிவிடுகிறது. ஒவ்வொருவரும் தாம் அல்லாஹ்வுக்காகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லி துஆக் கேட்கிறார்கள். முதலாமவர், பெற்றோர் குடிக்கும்வரை பாலோடு காத்து நின்றவர். அடுத்தவர், பாவத்தின் விளிம்பில் அல்லாஹ்வை அஞ்சி எழுந்துவந்தவர். மூன்றாமவர், தம்மிடம் வேலை செய்து கூலியை வாங்காமல் போய்விட்ட ஒருவனின் சிறிதளவு தானியத்தை விதைத்துப் பெருக்கி, அது கால்நடைகளாக ஆனபின், வருடங்கள் கழித்து வந்து கூலி கேட்டவனிடம் அத்தனையையும் ஒப்படைத்தவர். என்னைக் கேலி செய்யாதே என்கிறான் அந்தத் தொழிலாளி. அதோடு பாறை முழுவதும் விலகுகிறது.

பதினைந்து வருடமாக இந்த ஹதீஸைப் படித்துக் கொடுக்கிறேன். ஒன்பது வயதிலிருந்து அந்தச் சினிமாக் குகையும் என் தலைக்குள் இருக்கிறது. இரண்டு குகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை. மத்ரஸா வாசலையே மிதிக்காத என் தாயாருக்கு வந்தது.

உம்மா வலது கைக் காப்பு ஒன்றைக் கழற்றினார். வயது போன கை. சோப்புத் தண்ணீர் இல்லாமலே கழன்று வந்தது. "ஐயோ வேணாம்மா, என்னைச் சங்கடப்படுத்தாதீங்க" என்று அக்கா எழுந்துவிட்டார். "இது தருமம் இல்ல. உன்ட காசு. என்ட கையில வளந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார் உம்மா. வெகுநேரம் இழுபறி நடந்தது. ராத்தா அழுதார். கடைசியில் அக்கா அதை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, படக்கருவிக்காரனைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, அந்தப் பீப்பா வர்ற இடத்தை இன்னொருக்காப் போடுறீங்களா? அம்மா கையைப் பிடிச்சதுல சரியாப் பார்க்கல" என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். திரும்பப் படம் ஓடியது. தேத்தண்ணி நேரம் ஆகியிருந்தது. ராத்தா எழுந்திருக்கப் போனார். இருங்கள் என்று சொல்லிவிட்டு நான் குசினிக்குப் போனேன். தண்ணீர் கொதித்தது. தேயிலைத் தூள் எந்தப் போத்தலில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த வீடு. மூன்று போத்தலைத் திறந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தே சத்தமாகக் கேட்டேன்.

"மேல் தட்டு, மூலையில, நீல மூடி" என்று பதில் வந்தது. அக்காவின் குரல்.

அங்கேதான் இருந்தது.